பேரிங் சத்தம்

மகன் மதுவின் பைக் இன்ஜினைப் பிரித்து, கொல்கத்தா ஜாதவ்பூர் ஃப்ளாட்டின் பால்கனியில் பரப்பி வைத்திருந்தார் வீரராகவன். மது போன துர்கா பூஜா சமயத்தில் டெங்குவில் போய்விட்டான். அவன் வண்டி மழையில் நின்று துருவேறுவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

எல்லாம் கழன்று வந்தது. இன்ஜின் கூட்டுக்குள் இறுகிக் கிடந்த ஒரு பேரிங் மட்டும் இரண்டு நாளாக அசையவில்லை. தட்டித் தட்டிக் கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

"சனியனே!" என்று சுத்தியலை வீசினார்.

மனைவி பிரியம்வதா உள்ளேயிருந்து வந்தாள். "அடிக்காதேங்கோ. சூடு பண்ணினா தானா விழும்னு மது அப்பவே ஓவனைக் கேட்டான். கேக் பண்ற ஓவன்ல எண்ணெய் நாத்தம் ஒட்டிக்கும்னு நான்தான் குடுக்கலை."

கூட்டை அவளே சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவித் துடைத்து ஓவனில் வைத்தாள். அரைமணி கழித்து வீரராகவன் அதைக் கவிழ்த்ததும், பேரிங் பழந்துணிமேல் பொத்தென்று விழுந்தது. ஆறியபின் விரலால் சுற்றிப் பார்த்தார். கரகரவென்றது.

"நன்னா தேஞ்சிருக்கு. புதுசு போட்டா இந்தச் சத்தமே இருக்காது."

பிரியம்வதா பேரிங்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தெருமுனையில இந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் நான் தோசைக்கல்லைப் போடுவேன்," என்றாள். "இதையே திருப்பிப் போட்டுடுங்கோளேன்."

"பைத்தியமா? ரொம்ப நாள் ஓடாது."

"ஓடற வரைக்கும் ஓடட்டும்."