மாப்பிள்ளை அறையில் ஐஸ் பெட்டி

"மூண்டு நாளைக்கு முந்தின மீன் எண்டு சம்பந்திக்குச் சொல்லிச் சொல்லிப் பரிமாறுவாரோ ஒரு மனுசன்?"

றாபியாவின் குரல் எருக்கலம்பிட்டியில் நாலு வளவு தாண்டிக் கேட்டது. கேட்காதவர் ஒருவர்தான், அவளுடைய புருசன் தாவூது.

"கெடாமல் இருந்ததெல்லோ? அதைத்தானே சொன்னனான். கொழும்பில துரைமார் இப்பிடித்தான் தின்னுகினம்."

"துரைமார் வீட்டுக்கோ மகளைக் குடுக்கப் போறம்?"

மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டி ரயிலில் வரும், மீனை நாட்கணக்கில் வைத்து விற்கலாம் என்று யாரோ சொல்லப்போக, உள்ளே தகரம் அடித்த ஆளுயரப் பெட்டியொன்றை வாங்கி வந்திருந்தார் தாவூது. மகள் ஹமீதாவின் கல்யாணத்துக்கென்று கட்டிய அறையில், வாசலுக்கு நிலை வைக்குமுன்பே அதைக் கொண்டுபோய் வைத்தார். நிலை வந்தபின் பெட்டி வெளியே வர வழியில்லை. நிலையைப் பெயர்க்கவும் விடமாட்டார். "சனம் பழகும், பொறு" என்பார். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை காமில் பெண்வீட்டில் வந்து குடியிருக்க வேண்டியது அந்த அறையில்தான்.

சனம் எங்கே பழகியது? விடியத் தோணியில் வந்த மீன் மத்தியானம் சட்டியில் கொதிக்கிற ஊர். மிஞ்சினால் கருவாடு. வந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். விரல் சில்லிட்டதும், "இது செத்துக் கனநாள், தாவூது காக்கா" என்று நடையைக் கட்டினார்கள். ஊருக்குப் புத்தியில்லை என்று தாவூதுக்குக் கோபம். வாங்குமுன் மீன் ஆக்குகிறவள் ஒருத்தியிடமாவது கேட்டாரா என்பது றாபியாவின் கோபம்.

அப்படியிருக்க, அன்று சிலாவத்துறையிலிருந்து அறை பார்க்க வந்த காமிலின் தாய் பாத்தும்மாவுக்கு அந்த மீனை வைத்து, அதன் வயதையும் பெருமையாகச் சொன்னார். பாத்தும்மா தொட்ட கையைக் கழுவிவிட்டு அறையை எட்டிப் பார்த்தாள்.

"கட்டில் எங்க, பெட்டிக்கு மேலயோ?"

அவள் போனதும் றாபியா நிலையைப் பெயர்க்கச் சொல்லித் தச்சனுக்கு ஆளனுப்பினாள். தாவூது வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தச்சன் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

நிக்காஹ் முடிந்தது. வழக்கத்துக்கு மாறாக ஹமீதாதான் சிலாவத்துறைக்குக் குடிபோனாள். பிள்ளைப்பேற்றுக்கும் வரவில்லை, படுக்க அறை வேண்டுமே. றாபியா அங்கே போனாள். பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் கழிந்து ஏழு மாதமாகிறது, இன்னும் திரும்பவில்லை.

தாவூது பெட்டிக்குள் கருவாடு வைத்திருக்கிறார். பூனைக்கு எட்டாதாம்.