சிரிக்கக் கூடாத வீடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எனக்குத் தூக்கம் வராத வியாதி. மருத்துவமனை வரிசையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பஸ் கண்டக்டர் சொன்னது. "எழுதினா எழுதுங்க சார். தமாஷா மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

'அவள் சிரித்தாள், சரிந்தாள்' என்று ஆரம்பித்தேன். தமாஷாகத்தான் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வாய்க்காகவே அவரைக் கட்டிக்கொண்டவள், மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்குப் பகலில் கண் சொருக ஆரம்பித்தது. பில் போடும்போதே தூங்கி விழுந்தாள். வேலை போயிற்று. அப்புறம், சிரித்தால் முழங்கால் தளர்ந்தது.

(டாக்டர் சொன்னதாக அவர் சொன்னது: கனவு காணும்போது எல்லாருக்கும் உடம்பு தளர்ந்துதான் கிடக்கும். இவளுக்கு விழித்திருக்கும்போதே, சிரிப்பு வந்தால், அப்படி ஆகிவிடுகிறது. நினைவு மட்டும் தப்பாது.)

3

ஒரு ஞாயிறு காலை. அவள் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கண்டக்டர் குழந்தையிடம் கறாராக டிக்கெட் கேட்டார். அவள் சிரித்து

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

குழந்தைக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். எலும்பு பிறகு கூடிவிட்டது. ஆனால் அது வீறிட்டு அழுததை முழுக்கக் கேட்டபடி, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் அவள் தரையில் கிடந்தாள்.

அன்றோடு அவர் வாயை மூடிக்கொண்டார். 'மாத்திரை போட்டியா', 'கதவைச் சாத்து'. அவ்வளவுதான் பேச்சு.

4

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏங்க, என்கூடப் பேசவே மாட்டீங்களா?"

"பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுவா பேச்சு? பாப்பா அக்கா வீட்டுல இருக்கா. நான் பாயிலதான் உக்காந்திருக்கேன், விழறதுக்கு எடமே இல்ல. தமாஷா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

5

ஒரு முடிவு: அவர் சொல்கிறார், அவள் சிரித்து அவர் மடியில் சரிகிறாள். எழுதிக் கிழித்தேன். அந்த மடி ரொம்ப வசதியாக இருந்தது.

இன்னொன்று: அவர் எழுந்து போய்விடுகிறார். இதை நம்ப முடிகிறது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

அன்று வரிசையிலேயே அவரிடம் கேட்டிருந்தேன், அப்புறம் என்ன ஆச்சு என்று. "வாயத் தொறந்தேன் சார். ஒண்ணுமே வரல..." அதற்குள் அவர் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் தாளில் அவள் இன்னும் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவர் முகத்தையே பார்த்தபடி. எனக்கும் ஒன்றும் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததில் ஒன்றைச் சொல்லுங்களேன். மெதுவாக.