சூசையம்மாளுக்குத் தண்ணீர்

ஞானப்பூவுக்குக் காக்காய்வலிப்பு என்று பொம்மிடி மாப்பிள்ளை வீட்டாரிடம் பொய் சொல்லிக் கல்யாணத்தைக் கலைத்தவள் பக்கத்து வீட்டுச் சூசையம்மாள். தவக்காலத்தில் அவள் கால் முறிந்து படுத்தபோது, ஞானப்பூவின் அம்மா மதலேன்தான் தினமும் கிணற்றிலிருந்து அவளுக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சாமியாரிடம் ஒருமுறை சொன்னால் போதுமென்று நினைத்திருந்தாள். ஆனால் அந்த மன்னிப்பு மறுநாள் விடிவதற்குள் கரைந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு பரலோக மந்திரம் சொல்லி, மறுபடியும் மன்னித்துவிட்டுத்தான் குடத்தை எடுப்பாள்.

அது அறுபத்தாறாம் வருஷத்துப் பஞ்சம். கிணற்றடியில் எந்நேரமும் கூட்டம்.

"வலிப்பு நெசந்தான்டி. பொய்யின்னா எவளாச்சும் அவளுக்குத் தண்ணி சுமப்பாளா? வாயடைக்கத்தான் சுமக்கறா."

அந்தப் பேச்சு பாப்பாரப்பட்டி வரை போயிற்று. அங்கிருந்து பெண் பார்க்க வரவிருந்தவர்களும் வரவில்லை.

"நீ மோட்சம் போறதுக்கு நான்தான் ஏணியாம்மா?" என்று கேட்டாள் ஞானப்பூ.

மதலேன் குடத்தோடு சூசையம்மாளின் கட்டிலருகே போய் நின்றாள்.

"அக்கா, உங்களப் பாக்க வர்றவங்ககிட்ட, அது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"நான் சொன்னத எவடி நம்புனா? நீ தண்ணி தூக்கறதத்தான் நம்பறாளுங்க. வேணும்னா நாளைக்கி வராத. அதுக்கும் ஒரு கத கட்டுவாளுங்க."

தவலை காய்ந்து கிடந்தது. மதலேன் ஊற்றினாள்.

"சிந்தாம ஊத்து."

மதலேன் வெளியே வந்தபோது தங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த ஞானப்பூ, அம்மாவின் ஈர முந்தானையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.