கடையில் வாங்கிய மூச்சு

இப்போதெல்லாம் கபடி பார்க்க வருகிறவன் ஒருத்தனும் கபடி பார்ப்பதில்லை என்பது மரியசூசையின் முடிவான அபிப்பிராயம். முன்னால் நிற்கிறவன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறான். பின்னால் நிற்கிறவன் அந்தப் போனுக்குள் தெரிவதை எட்டிப் பார்க்கிறான். எதிரே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்க்க நாதியில்லை. பாடிப் போனவன் தொட்டானா, பிடிபட்டானா என்று பக்கத்தில் கேட்டால், "இருங்க தாத்தா, ஸ்லோமோஷன்ல பாத்துச் சொல்றேன்" என்கிறான். கண் என்று ஒன்றை ஆண்டவர் பிறகு எதற்கு வைத்தாராம்?

ஆவூர்ப் பக்கத்தில் ஒரு கடலைக்கொல்லை, மனைவி வேளாங்கண்ணி, இந்த இரண்டும் போக மரியசூசைக்கு வாழ்க்கையில் இருந்த பிடிமானம் கபடிதான். பள்ளிக்கூடத்தை மூணாங்கிளாசோடு விட்டவர், களத்தை விட்டதில்லை. ஆடியதும் இல்லை. ஒரு தடவை இறங்கிப் பார்த்தார், தோள்பட்டை இறங்கிப்போனது. அதற்கப்புறம் பார்ப்பதோடு சரி. மாவட்டத்தில் எங்கே போஸ்டர் ஒட்டினாலும் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஷேக் பரீது போன் பண்ணிவிடுவார். பரீது ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஏதோ ஒரு களத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டுச் சிநேகமானவர்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சண்டை மண்ணைப் பற்றித்தான். ஜெகதாப்பட்டினத்தில் களத்தில் கடல் மணலைக் கொட்டுகிறார்கள், பாடிப் போகிறவனுக்குக் கால் புதைகிறது, பிடிக்கிறவனுக்கு அது கொண்டாட்டம், அதெல்லாம் ஒரு களமா என்பார் மரியசூசை.

"எங்க மணல்ல விழுந்தா எந்திரிச்சுப் போவான்யா. ஒங்க ஊருச் சரளையில விழுந்தவனுக்குப் பாதி முட்டி அங்கேயே கெடக்கு" என்பார் பரீது.

இருவரும் ஒத்துப்போவது புதுக்கோட்டையில் மட்டும். அங்கே மேட் விரித்து, விளக்குப் போட்டு, நாற்காலி போட்டு, ஆளுயர ஸ்பீக்கரில் பாட்டும் போட்டுவிடுகிறார்கள். ஆடுகிறவனின் 'கபடி கபடி' காதில் விழுவதில்லை. அது காதில் விழாவிட்டால் அங்கே என்ன ஆட்டம்? மூச்சுத்தானே ஆட்டம்? எதிராளியின் வீட்டுக்குள் ஒற்றை மூச்சோடு போய், அந்த மூச்சு அறுவதற்குள் திரும்பி வருவதுதானே? முப்பது செகண்டு என்று கடிகாரம் வைத்தவுடனே மூச்சுக்கு மரியாதை போய்விட்டது என்று மரியசூசை சொல்வார். பரீது தலையை ஆட்டுவார்.

மரியாதை போனதற்கு இன்னொரு காரணமும் அவர் வைத்திருந்தார். ஊசி. ஒரு வருசத்தில் ஒருத்தன் இரண்டு ஆளாக ஊதி வந்து நின்றால் அவருக்குச் சோற்று மேல் சந்தேகம் வராது, ஊசி மேல்தான் வரும். கேலரியிலிருந்து எழுந்து நின்று, "ஊசீ!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். களமே திரும்பிப் பார்க்கும். பிறகு விடலைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவருக்கே 'ஊசித் தாத்தா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சந்தேகம் ஒருத்தன் மேல் மட்டும் அவருக்கு வந்ததில்லை. ஜஸ்டின். பக்கத்து ஊர்ப் பையன், மெலிந்த உடம்பு, காற்று மாதிரி நுழைந்து காற்று மாதிரி வருவான். அவன் பாடினால் மரியசூசை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு அவன் உடம்பு போட்டபோதும் அது சோறு என்றே நம்பினார். அந்த ஜஸ்டின்தான் மாநில அணித் தேர்வில் மூத்திரப் பரிசோதனையில் மாட்டினான். ஸ்டீராய்டு. ஆடக் கூடாது என்று தடை போட்டார்கள். சேதி வந்த அன்றைக்கு மரியசூசை சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அவன் பேரையும் சொல்லவில்லை. தடை முடிந்து அவன் மறுபடி உள்ளூர் ஆட்டங்களில் இறங்கியபோது, கேலரியில் எழுந்து நின்ற முதல் ஆள் இவர்தான். அந்த 'ஊசீ'யில் கோபம் கொஞ்சம், அழுகை மிச்சம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரீதுக்கு மட்டும் தெரியும்.

இப்படிப்பட்டவருக்குத்தான் தை மாசப் பனியில் இளைப்பு வந்து சேர்ந்தது.

புதுக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற பம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் தவறாமல் இழுக்க வேண்டும், திடீரென்று முட்டினாலும் இழுக்கலாம். விட்டால் அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருக்கும், அதற்கும் அடுத்த தடவையைப் பற்றி நான் சொல்ல மாட்டேன் என்றார். டாக்டர் மிரட்டுகிறார் என்று மரியசூசைக்குப் பட்டது. எழுந்து வெளியே போய்விட்டார். மிச்சத்தை வேளாங்கண்ணிதான் கேட்டுக்கொண்டாள்.

மருந்துக் கடைக்காரர் நல்ல மனுசர். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "பயப்படாதீங்க ஐயா. ஒண்ணு மூச்சுக் கொழாய விரிக்கும், இன்னொண்ணு ஸ்டீராய்டு. அதுவும் கொஞ்சூண்டுதான்."

மரியசூசை பம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். தன் மூச்சில் நிற்க முடியாதவன் எல்லாம் களத்தை விட்டு வெளியே போடா என்று ஊரூராகக் கத்தியவர் அவர். கடையில் மூச்சு வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு, நாளைக்கு எந்த வாயை வைத்துக்கொண்டு அவர் கத்துவார்?

ஆனால் வேளாங்கண்ணியிடம் மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. காலையில் பல் விளக்குகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போவார். முருங்கை மரத்தைப் பார்த்து ஒரு அழுத்து, 'புஸ்'. கனைத்துக்கொண்டு திரும்பி வருவார். சாயங்காலமும் அதே. அவள் உள்ளேயிருந்து, "இழுத்தீங்களா?" என்பாள். "ம்" என்பார். கபடி ஆட்டத்தில் தொடாமலே தொட்டேன் என்று கை தூக்குகிறவனை அவர் எத்தனை தடவை திட்டியிருப்பார், அதெல்லாம் அந்நேரம் ஞாபகம் வருவதில்லை.

பங்குனி முடிவதற்குள் மாடிப்படி ஏற முடியாமல் ஆனது. குனிந்து செருப்பு மாட்டினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவில் பக்கம் ஆட்டம் என்று பரீது போன் பண்ணினார். மரியசூசை வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், வேளாங்கண்ணி கைப்பையோடு வாசலில் நிற்கிறாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கபடிக்கு."

"நீயா? கல்யாணமான நாளா வராதவ."

"இப்ப வாரேன். ஒங்களத் தனியா விடுறதா இல்ல."

"எனக்கென்ன, அதான் மருந்து இழுக்குறேன்ல."

வேளாங்கண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மருந்த இழுத்தா ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நீங்கதான் கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டீங்களே, ஒங்களுக்கு எங்க தெரியும்? தெனமும் செம்புல தண்ணி மொண்டு வைக்கிறேன். வச்ச தண்ணி வச்சபடி இருக்கு." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "முருங்க மரத்துக்கு இப்ப இளைப்பு எப்படி இருக்காம்?" என்றாள்.

மரியசூசை பஸ்ஸுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே வந்தாள்.

களத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அருமையான செம்மண். அதை மூடி மேட் விரித்திருந்தார்கள். "பட்டுச்சேலைக்கு மேல பிளாஸ்டிக் பையைச் சுத்துன மாதிரி" என்றார். கேலரியின் கீழ்வரிசையில் பரீது இடம் பிடித்து வைத்திருந்தார். "வாம்மா தங்கச்சி, என்ன அதிசயமா இருக்கு" என்று நகர்ந்து உட்கார்ந்தார். வேளாங்கண்ணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் ஜஸ்டின் அணி இறங்கியது. ஊதிய உடம்பெல்லாம் வடிந்து அவன் பழையபடி மெலிந்திருந்தான். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடக் கிளம்பினான். பின்வரிசையிலிருந்து விடலைகள் குரல் கொடுத்தார்கள்.

"தாத்தா, ஒங்க ஆளு வர்றான்! ஆரம்பிங்க!"

மரியசூசை எழுந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நெஞ்சிலிருந்து விசில்தான் வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். காற்று உள்ளே போக மறுத்தது. கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உதடு நீலம் பூத்தது.

வேளாங்கண்ணி கைப்பையிலிருந்து பம்பை எடுத்து மூடியைக் கழற்றினாள். அவர் தலையை ஆட்டினார்.

"இங்... இங்கயா? எல்லாரும்... பாக்குறாய்ங்க."

"பாக்கட்டும்."

"வீட்ல போயி..."

"வீட்ல மரந்தான் இழுக்குது. பிடிங்க."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அவளுக்கு அந்தப் பிடிவாதம் தெரியும். கெஞ்சினால் நடக்காது, திட்டினாலும் நடக்காது. பம்பை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து, அவர் காதோரம் குனிந்து பாட ஆரம்பித்தாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

பரீது திகைத்துப்போனார். மரியசூசைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இவர் இழுக்கிற வரைக்கும் அவள் மூச்சு விடப் போவதில்லை.

கோயிலில் பாட்டுப் பாடுகிற தொண்டை. தாழ்வாக, ஒரே சீராக, பிசிறில்லாமல் வந்தது. இப்படி ஒரு பாட்டை அவர் எந்தக் களத்திலும் கேட்டதில்லை. தன் அவஸ்தையிலும் காது அதைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருசமாக இந்த மூச்சு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, அவரோ ஊரூராகப் போய் மற்றவன் மூச்சைக் கேட்டிருக்கிறார். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. ரத்தக் கொதிப்புக்காரி அவள். விடு என்று கையை உதறினார், பிடி இறுகியது. மூச்சு அறுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'கபடி'யில் கடைசி எழுத்து தேயும். தேய்ந்து 'கப', 'கப' என்று நிற்கும். அப்புறம் ஒன்றும் இராது.

எழுத்து தேய ஆரம்பித்தது.

மரியசூசை பம்பை வாயில் வைத்து அழுத்தி இழுத்தார்.

டாக்டர் செய்து காட்டியிருந்தபடி அவர் மூச்சை உள்ளே நிறுத்திக்கொண்டார். அதைக் கண்ணால் பார்த்த பிறகே அவள் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கினாள். இருவரும் கையை விடவில்லை. ஒரு போன் இவர்கள் பக்கம் திரும்பியது. பரீது தோள் துண்டை உதறி அதன் முன்னால் திரை மாதிரி விரித்துப் பிடித்தார். "அங்கிட்டுத் திருப்புடா. காசு குடுத்து கபடி பாக்கத்தானே வந்த?"

பின்னாலிருந்து ஒருத்தன், "ஊசித் தாத்தாவே பம்பு அடிக்கிறாருடோய்!" என்றான். சிரித்தார்கள். மரியசூசை திரும்பவில்லை. நெஞ்சுக்குள் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது. ஜஸ்டின் தொட்டானா, பிடிபட்டானா? அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

ஆட்டம் முடிந்து ஜஸ்டின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே இவர்களிடம் வந்தான்.

"பெரியப்பா, என்னாச்சு? ஒங்க சத்தத்தக் காணோமேன்னு பாதிப் பாட்டுல திரும்பிட்டேன். அதுலயே அமுக்கிட்டானுங்க."

"திட்டுறதக் கேட்டுத்தான் ஆடுவியோ?"

"பழகிப்போச்சு பெரியப்பா." அவன் அவர் கையிலிருந்த பம்பைப் பார்த்தான். பார்வையை மேட் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பார்த்தும் பார்க்காதது மாதிரி அவன் நின்றதுதான் மரியசூசைக்குப் பொறுக்கவில்லை. "ஒனக்கு எதுக்குடா அந்த ஊசி தேவப்பட்டுச்சு? காத்து மாதிரி இருந்தியேடா."

"காத்துக்கு எவன் வேல குடுக்குறான்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எடுக்கணும்னா ஒடம்பு போடணும்னாங்க. போட்டேன்."

"தப்புதானே?"

"தப்புதான்."

"அப்ப நான் இழுக்குறது?"

பரீது நடுவில் புகுந்தார். "யோவ், அவன் போட்டது அடுத்தவன் எடத்தப் புடிக்க. நீ இழுக்குறது ஒன் எடத்துல இருக்க. இது கூடவா புரியல?"

"நீங்க யாரத் தோக்கடிக்கப் போறீங்க பெரியப்பா?" என்றான் ஜஸ்டின்.

மரியசூசை யோசித்துப் பார்த்தார். சொல்ல ஒரு பேர் கிடைக்கவில்லை. அதற்காக ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. படித்தவர்களும் பரீதும் ஆயிரம் சொல்வார்கள். தன்னுடையது இல்லாத மூச்சு ஒன்று இப்போது தன் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்படிச் சரி என்பது?

"பேசத் தெரிஞ்சவுங்க பேசுறீங்க" என்று எழுந்தார். ஜஸ்டினின் தோளில் கையை வைத்தவர், எடுக்க மறந்தவர் மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "எலும்புதான் இருக்கு. நல்லாச் சாப்பிடு. சோறு சாப்பிடு."

களத்தை விட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். வேளாங்கண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

"நாளைக்குக் காலையில எம்முன்னாடி இழுக்கணும்."

"இழுக்குறேன். நீ மறுபடி அந்தப் பாட்டப் பாடிறாத, அதுக்குத்தான்." கொஞ்ச தூரம் போய், "சரின்னு மட்டும் என் வாயால சொல்லச் சொல்லாத" என்றார்.

"யாரு சொல்லச் சொன்னா?"

"நீ பாடுனப்ப நடுவுல ஒரு எடத்துல மூச்சு வாங்குன."

"வாங்கல."

"எனக்குக் கேட்டுச்சு."

"ஒங்களுக்குக் காதும் போச்சா?"

அவர் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே, அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாக பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.