லெமூரின் சூரிய நமஸ்காரம்

கல்கத்தா கிடர்பூர் கப்பல் கம்பெனியில் வைத்தீஸ்வரனுக்கு ஹெட் கிளார்க் பதவி கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து நடுவே ஒரு லெமூர் வந்து உட்கார்ந்துகொண்டது. மடகாஸ்கர் கப்பலில் வந்த ஜந்து. பூனை அளவு உடம்பு, நரி மூஞ்சி, கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட வால். அதை ஆசையாக வளர்க்கும் கம்பெனித் துரை வேட்டைக்குக் கிளம்பும்போது, திரும்பி வரும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஜந்துவுக்கு ஏதாவது ஆனால் பதவி அம்போ!

பெஹாலா வீட்டு வாசலிலேயே மனைவி ராஜலக்ஷ்மி மறித்தாள்.

"ஏன்னா, வௌவாலோட றெக்கையைப் பிச்சுட்டுக் கொண்டுவந்திருக்கேளா? மூஞ்சியைப் பாருங்கோ, காதைப் பாருங்கோ! பக்கத்தாத்து முகர்ஜி பாபு தோட்டத்து அரசமரத்துல தொங்கறதே, அதேதான். வௌவால் நுழைஞ்ச ஆம் வெளங்குமா?"

பழந்தின்னி வௌவாலுக்கும் இதற்கும் மூஞ்சி ஒன்றுதான் என்பதை அந்த மனுஷரால் மறுக்க முடியவில்லை. கஷ்டகாலம், இரண்டும் பழம்தான் தின்னும்.

"அடியே, அது தலைகீழாத் தொங்கும். தின்ன வாயாலேயே வெளிக்குப் போகும். இது மனுஷா மாதிரி உட்காரறது பார்!"

"உட்கார்ந்தா ஆச்சா? அனுஷ்டானம் உண்டோ? ராத்திரி மாடியில கிடக்கட்டும். காலம்பற தெருதான்."

விடிந்ததும் துணி உலர்த்த மாடி ஏறினாள். லெமூர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடியிருந்தது. மார்கழிக் குளிருக்கு வெயில் சுகமாக இருந்திருக்கும், வேறென்ன! அவளோ பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏன்னா! இந்த ஆத்துல சூரியனைக் கும்பிடற ஒரே ஆம்பளை இதுதான். இருக்கட்டும். நாளைலேர்ந்து நீங்களும் இது பக்கத்துல உட்கார்ந்து சந்தி பண்ணினாத்தான் காபி."

பூணூலுக்கு முதுகு சொறிவதைத் தவிர வேறு வேலை கொடுத்தறியாத வைத்தீஸ்வரன், மறுநாள் பஞ்சபாத்திரத்தோடு லெமூர் பக்கத்தில் உட்கார்ந்தார். மந்திரம் பாதியில் மறந்துபோயிற்று. முழித்துக்கொண்டே அரசமரத்தைப் பார்த்தார். வெயில் பட்ட கிளைகளில் வௌவால்கள் அத்தனையும் சிறகை விரித்துச் சூரியனைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன!

மாடிப்படியில் மெட்டிச் சத்தம் கேட்டது. காபி வருகிறது.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கல்கத்தாவுக்கு வந்தபிறகு முதல்தடவையாக மனசு உருகிப் பிரார்த்தித்தார்: 'பகவானே, இவள் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.'

கணவனின் கண்ணோரத்து ஈரத்தைக் கண்டு ராஜலக்ஷ்மி நெகிழ்ந்துபோனாள். காபியைக் கீழே வைத்தாள். அரசமரத்துக்கு முதுகைக் காட்டியபடி நெற்றி தரையில் பட விழுந்து நமஸ்கரித்தாள், லெமூரை.