அப்படியொரு டெஸ்ட் இல்லை

பதினோரு வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவளுக்கே, ரத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அவளோடு ஒரே கருவில் பிறந்த, ஏழு நிமிஷம் மூத்த அக்காவுக்கு மனச்சிதைவு நோய். அது தங்கைக்கு இல்லையென்று ரத்தத்தில் பார்த்து எழுதி வாங்கி வந்தால்தான் கல்யாணமாம்.

"உன் மெஷின், உன் கையெழுத்து. நார்மல்னு ஒரு வரி அடிச்சா குடியா முழுகிடும்?" என்றாள் அம்மா.

"இல்லாத டெஸ்டுக்கு எப்படிம்மா ரிசல்ட் போடறது?"

"முப்பத்திநாலு வயசாச்சுடி!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு நோய் வந்தபோது ஊரார் முதலில் காத்து கருப்பு என்றார்கள். அப்புறம் அம்மாவின் வளர்ப்பு சரியில்லை என்றார்கள். மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் தாறுமாறாவதும் ஒரு காரணம், பரம்பரைக்கும் பங்குண்டு என்று டாக்டர் சொன்னதும், அதில் பரம்பரையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரட்டையரில்கூட, ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கு வந்தே தீரும் என்றில்லை. பாதிக்குப் பாதிதான், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது, வெள்ளைத் தாளில் அடித்துக் கையெழுத்திட்டதை நீட்டினாள். 'பரிசோதனை: மனச்சிதைவு. முடிவு: இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.'

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்போ உனக்கு வராதுன்னு சொல்ல முடியாதா?"

"முடியாதுங்க. உங்களுக்கும் வராதுன்னு என்னால சொல்ல முடியாது. நூத்துல ஒருத்தருக்கு வருது."

மாப்பிள்ளை தாளைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்னவோ. அவள் எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் திறந்து அக்காவைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள், வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவள்.

"உள்ள ஃபேன் ஓடல. இல்லேன்னா வந்திருக்க மாட்டேன்," என்றாள் அக்கா, எல்லோருக்கும் பொதுவாக.

"நாளைக்குப் பொறக்கப்போற குழந்தைக்கு வந்தா?" மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை.

"வந்தா வைத்தியம் பார்ப்பேன். பள்ளிக்கூடம் அனுப்புவேன். வீட்டுக்கு நாலு பேர் வந்தா, உள்ள தள்ளிக் கதவைச் சாத்த மாட்டேன்."

அவர்கள் விருட்டென்று எழுந்துகொண்டார்கள். அம்மா வழியனுப்பப் போகவில்லை. சோபாவில் கொஞ்சம் நகர்ந்து, பெரியவளுக்கு இடம் விட்டாள்.