போன் வந்த இடம்

காங்கிரீட் இரண்டாவது பீமைத் தொட்டிருந்தபோது தனகோடியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தளம் போடுகிற அன்று மேஸ்திரியின் போன் அடிப்பதைப் போல எரிச்சல் மூட்டுகிற விஷயம் உலகத்தில் வேறில்லை. இரண்டு கையிலும் சிமெண்ட் பால். இரண்டு விரலால் இடுக்கி எடுத்துப் பார்த்தார். பார்த்திபன். இவன் வேற, என்று முனகிக்கொண்டு, மிக்ஸர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பதால் தளத்தின் ஓரத்துக்கு நகர்ந்து போனைக் காதில் வைத்தார்.

"அண்ணாத்த, நம்ம கலை சாரத்துலேர்ந்து வுழுந்துட்டான். ஆம்புலன்ஸ் வந்துகினு கீது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் இட்டுனு போறோம். கண்ணகியக்காவ உடனே இட்டுனு வா."

"பேச்சு கீதா?"

"பேசறான். அக்கா எங்க, அக்கா எங்கன்னுதான் கேட்டுகினு கீறான்."

"வரோம்," என்றார் தனகோடி. போனைப் பைக்குள் போட்டார்.

கலை என்கிற கலையரசன், கண்ணகியின் தம்பி. அந்தக் கண்ணகி அப்போது அவருக்குப் பத்தடி தள்ளித் தலையில் காங்கிரீட் நிறைந்த பாண்டுச் சட்டியுடன் பலகைமேல் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தளம் போட்டது யாருடைய வீட்டுக்கும் இல்லை, சங்கத்துக்கு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையில் உப்பளத்தைத் தாண்டி, பழைய உறுப்பினர் ஒருவர் விட்டுக்கொடுத்த துண்டு நிலத்தில் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆள், பெயிண்டர், சித்தாள் என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் வந்து கட்டினார்கள். அதுவரை சங்கத்தின் கூட்டமெல்லாம் டீக்கடைக்குப் பின்னால்தான். ஊருக்கெல்லாம் கூரை போடுகிறவனுக்கு ஒண்ட ஒரு கூரை இல்லை என்ற வசனத்தைச் செயலாளர் தனகோடி கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்களுக்கே அலுத்துப் போயிருந்தது. அந்த அலுப்புத் தாங்காமல்தான் கட்டக் கிளம்பினார்கள் என்று கொத்தனார் ஜெயக்குமார் கிண்டல் செய்வான்.

தளத்துக்கான கம்பியை முழுக்கக் கட்டியவன் கலைதான். வாரம் முழுக்க வேலை முடிந்ததும் வந்து, கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டுப் போனான். கம்பி கட்டுகிறவனுக்குத் தளம் போடுகிற அன்று பெரிதாக வேலை கிடையாது. கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி சைட்டில் அவசரம் என்று கூப்பிட்டதும் போய்விட்டான். பார்த்திபனும் அங்கேதான் வேலை செய்தான். காலையில் தேங்காய் உடைக்கும்போது கண்ணகி அதைச் சொல்லிக் கடுகடுத்தாள். "சாரு கம்பிய கட்டிட்டாராம், கடமை முடிஞ்சிச்சாம். ஒரு நாளு சங்கத்து வேலைக்கு நிக்க முடியல. நாஸ்தாகூட துன்னாம ஓடினான். போறப்போ நல்லா திட்டி அனுப்பிச்சேன்." வாய்தான் அப்படி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். அவனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

தனகோடி ஓரத்திலேயே நின்றார். அங்கிருந்து உப்பளம் தெரிந்தது. அதற்கு அப்பாலிருந்து வந்த காற்றில் எப்போதும் போல ஒரு பிசுபிசுப்பு.

என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. சங்கத்தில் அதற்கான சட்டத்தைப் போட்டவரே அவர்தான். பல வருஷத்துக்கு முன்னால் முட்டுக்காடு பக்கம் ஒரு ஓட்டல் கட்டுமானத்தில் சென்ட்ரிங் ஆள் ஒருவர் தலையில் முட்டுக் கொடுத்திருந்த இரும்பு ஜாக்கி விழுந்தது. தளம் முடியட்டும், பாதியில் நிறுத்தினால் ஜாயிண்ட் விழும் என்று சைட் மேஸ்திரி யாரையும் விடவில்லை. அடிபட்டவர் சிமெண்ட் ஷெட் நிழலில் கிடந்தே செத்துப்போனார். மிக்ஸரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தவர் தனகோடி. அந்த ஒரு பிடுங்கலில்தான் அவர் செயலாளர் ஆனார். அடிபட்டவன் முன்னாடி, வேலை பின்னாடி. உறுப்பினருக்கு எங்கே எது நடந்தாலும் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வார்.

இப்போது சொன்னால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். தளம் பாதியில் நிற்கும். அப்படி நின்றால் உலகம் அழிந்துவிடாது. ஓரத்தைச் சரிவாக வெட்டிவிட்டு, மறுநாள் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டவைக்கலாம். ஆனால் ஒட்டு ஒட்டுதான். மழைக்கு ஒழுகும். இந்த உப்புக் காற்று அதன் வழியாக இறங்கிக் கம்பியைத் தின்னும். அதைவிட, சங்கத்துக் கட்டடமே ஒழுகுதாம் என்று ஊரிலிருக்கிற மேஸ்திரியெல்லாம் டீக்கடையில் சிரிப்பான். இதை வெளியில் சொல்ல அவருக்கு வாய் வராது, ஆனால் அவர் மனத்தில் முன்னால் வந்து நின்றது அதுதான். பேசறான்னு சொன்னானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேச்சு இருந்தால் உயிருக்கு ஒன்றுமில்லை. கையோ காலோ உடைந்திருக்கும். இன்னும் பாதித் தளம்தானே.

கண்ணகியை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி யாருடைய வண்டியிலாவது ஏற்றி அனுப்பியிருக்கலாம். அது அவருக்கு அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அவள் சும்மா போகமாட்டாள், ஏன் எதற்கு என்று குடைந்து எடுப்பாள், ஒரு சத்தம் போட்டால் மொத்தக் கூட்டமும் பின்னாலேயே போய்விடும். அதனால் அந்த யோசனையையும் விட்டார்.

பாண்டைக் கொட்டிவிட்டுத் திரும்பிய கண்ணகி அவரைப் பார்த்து நின்றாள்.

"இன்னா அண்ணாத்த, போன்ல பொண்டாட்டியா? மூஞ்சி வெளுத்துப் போச்சு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். "ஒண்ணுமில்ல," என்றார். "நீ போ. கை ஓடட்டும்."

அதற்குப் பிறகு அவர் எல்லோரையும் விரட்டினார். வைப்ரேட்டர் பிடித்திருந்த ஜெயக்குமாரை, மட்டப்பலகை இழுத்தவர்களை, லிஃப்டிலிருந்து காங்கிரீட்டை வாரிப் போட்டவர்களை, ஒருவரையும் விடவில்லை. தானே கரணையை வாங்கிக் குனிந்து இழுத்தார். கலை கட்டிய கம்பி கட்டம் கட்டமாகக் காங்கிரீட்டுக்குள் மறைந்தது. முறுக்கின் முனையெல்லாம் ஒழுங்காகக் கீழ்நோக்கி மடக்கப்பட்டிருந்தது. சில பேருக்குத்தான் அந்தப் பொறுப்பு வரும். "இன்னிக்கு அண்ணாத்தைக்கு இன்னா பேஜாரோ," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நடுவில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. கண்ணகி பலகைமேல் வந்தாள், போனாள், வந்தாள். ஒவ்வொரு முறை அவள் பாண்டைக் கவிழ்க்கும்போதும் தனகோடி வேறு பக்கம் பார்த்தார்.

படிக்கட்டு ஓரத்தில் கடைசிப் பாண்டு விழுந்து, மட்டம் இழுத்து, ஜெயக்குமார் மிக்ஸரை அணைத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கீழே மரத்தடியில் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தனகோடி அப்போதுதான் கண்ணகியின் பக்கத்தில் போய், "கலைக்குச் சின்னதா அடியாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க," என்றார்.

கைகால்கூடக் கழுவாமல் மினி வேனில் ஏறிப் போனார்கள். திருப்போரூர் தாண்டிச் செங்கல்பட்டு வரை கண்ணகி சிமெண்ட் காய்ந்து வெளுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திபன் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே வேனிலிருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"அடி உள்ளுக்குள்ள பட்டிருந்துச்சு அண்ணாத்த," என்றான். "வார்டுக்கு இட்டுனு போற வரைக்கும் உசுரு இருந்துச்சு. அக்கா எங்கன்னான். வந்துகினு கீதுடான்னு சொல்லிச் சொல்லி..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "இன்னா அண்ணாத்த இவ்ளோ நேரம்?"

எல்லோரும் தனகோடியைப் பார்த்தார்கள். "மிக்ஸர் சத்தத்துல ஒண்ணும் சரியா கேக்கலடா," என்றார். "கடைசியிலதான் வெவரம் புரிஞ்சிச்சு."

பார்த்திபன் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தான். கண்ணகி அதற்குள் உள்ளே ஓடியிருந்தாள்.

மறுநாள் சங்கக் கொடியைப் போர்த்தித்தான் கலையை எடுத்தார்கள். பூக்காரியிடம் மாலை வாங்குவது முதல் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது வரை எல்லாவற்றையும் தனகோடியே பார்த்தார். சைட்காரன் பாதுகாப்புப் பெல்ட் கூடக் கொடுக்காமல் ஆளை ஏற்றியிருக்கிறான் என்று சைட் வாசலில் மறித்து உட்கார்ந்ததும் அவர்தான். சங்கத்து ஆட்கள் அவரைப் பெருமையாகப் பார்த்தார்கள். அது அவருக்கு முள்ளாகக் குத்தியது. சுடுகாட்டில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச நின்றதும் பழக்கத்தில் வாய் தானாகவே ஆரம்பித்தது. "அடிபட்டவன் முன்னாடி," என்றார். மற்ற பாதி வரவில்லை. துக்கம் என்று நினைத்து ஜெயக்குமார் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். தளம் போட்ட அன்று கொண்டுவந்த பிரியாணியை யாரும் தொடாமல் நாய்க்குப் போட்டார்கள் என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாவு விழுந்தாலும் தளத்துக்குத் தண்ணீர் காட்டாமல் விடமுடியாது. ஜெயக்குமார் எப்போதோ வந்து தளத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன வரப்புகள் போட்டுப் பாத்தி கட்டியிருந்தான். துக்க நாளில் மற்ற யாரும் வரவில்லை. தனகோடிதான் ஓஸ் பைப்பைப் பிடித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். நல்ல தளம். அவர் வாழ்நாளில் போட்டதிலேயே நல்ல தளம் என்றுகூடச் சொல்லலாம். போனில் வந்த அழைப்புகளை எடுத்து எடுத்துப் பார்ப்பதும், அழித்துவிடலாமா என்று நினைப்பதும், திரும்ப உள்ளே வைப்பதுமாக இருந்தார்.

படியில் காலடி கேட்டது. கண்ணகி ஏறி வந்தாள். கசங்கிய புடவை, வாராத தலை. தளத்தின்மேல் நிற்கும் தண்ணீரைப் பார்த்தபடி கடைசிப் படியிலேயே நின்றாள்.

"வா கண்ணகி," என்றார். "நீ எதுக்கு இவ்ளோ தொலைவு. சொல்லி அனுப்பியிருந்தா நானே வூட்டுக்கு வந்திருப்பேனே."

"வூட்ல கேக்கற விசயம் இல்ல அண்ணாத்த."

அவர் கையிலிருந்து ஓஸ் நழுவிப் பாத்திக்குள் விழுந்தது. எடுக்கவில்லை.

"பார்த்திபன் வந்திருந்தான். போன் பண்ணதுமே நீ எடுத்தியாம். வரோம்னு சொன்னியாம். அவன் மணி சொல்றான். எனக்கு மணியெல்லாம் தெரியாது. வாச்சி கட்டிகினா நான் பாண்டு தூக்கறேன்?" அவள் குரல் உயரவில்லை. "போன் வந்தப்போ காங்கிரீட்டு எது வரைக்கும் வந்திருந்துச்சு? அத்த மட்டும் காட்டு. மிச்சத்த நான் புரிஞ்சிக்கிறேன்."

தனகோடி தளத்தைப் பார்த்தார். ஒரே மட்டமாக, ஒரே நிறமாக, தண்ணீருக்கடியில் கிடந்தது. முதலில் போட்டது எது, கடைசியில் போட்டது எது என்று யாராலும் சொல்லமுடியாது. ஒட்டு இல்லாத தளம். அதற்காகத்தான் எல்லாமே. படிக்கட்டு ஓரத்தைக் காட்டி, இதோ இங்க வந்தப்போ என்று சொன்னால் முடிந்தது. அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இல்லையென்று சொல்ல இந்தத் தளத்தில் ஒரு கோடுகூட இல்லை. சங்கம் இருக்கும், செயலாளர் இருப்பார், இதே கூரைக்குக் கீழே புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டும் இருப்பார்.

"அண்ணாத்த," என்றாள் கண்ணகி. "உன்னத்தான் கேக்கறேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பாத்தியில் கால் வைத்தார். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வரப்பைத் தாண்டினார். நாலாவது பீமுக்கு மேலே ஒரு கணம் நின்றார். இங்கேயே நின்றுவிடலாம் என்று இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுபடி நடந்தார். இரண்டாவது பீம் ஓடுகிற இடத்தை வெளிச்சுவரைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொண்டு, அங்கே நின்றார்.

"இங்க," என்றார்.

கண்ணகி தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே பார்த்தாள்.

"மூஞ்சி வெளுத்துப் போச்சுன்னேனே. அப்பவா?"

"அப்பத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் மெல்லத் திரும்பி, தான் நிற்கிற இடத்திலிருந்து படிக்கட்டு வரைக்கும் கிடக்கிற தளத்தைப் பார்த்தாள். பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது.

"இம்மாந் தூரமா," என்றாள், தனக்குள்ளேயே சொல்வது போல.

பிறகு நடக்க ஆரம்பித்தாள். கழுத்து நிமிர்ந்து, தோள் அசையாமல், அடிமேல் அடி வைத்து, பாண்டு தலையில் இருக்கும்போது நடக்கிற அதே நடை. ஒவ்வொரு வரப்பு வரும்போதும் நின்று, கால் தூக்கி, அடுத்த பாத்தியில் வைத்தாள். தனகோடி கால் வைத்த இடத்திலேயே நின்றார். அவர் விட்டுவிட்ட ஓஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாத்தி நிறைந்து, வரப்பைத் தாண்டி, தளத்தின் விளிம்பிலிருந்து புதுச் சுவரின்மேல் வழிந்து இறங்கியது. கண்ணகி இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை.